நான்கரை வருடம் தாமதமாக வந்த குரல்

2006 ஜனவரியில் குவைத்திலிருந்து முஹம்மது இஸ்மாயில் பேசிய பேச்சு, கடலூர் முதுநகரில் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் 2010 ஜூனில்தான் கேட்டது. படம் மட்டும் அன்றைக்கே வந்துவிட்டது. போனில் பேசினால் காசு கரைகிறது என்று லீவில் வந்தபோது அவரே வாங்கிவைத்த கம்ப்யூட்டர் அது. பின்னால் உள்ள ஒயர்களை வேறு யாரையும் தொடவிடாமல் தானே சொருகினார், மேசையைச் சுவரோடு தள்ளினார், விமானம் ஏறினார். முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து திரையில் தோன்றியவரின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. மனைவி ரஹ்மத் பீவி, "ஒண்ணுமே கேக்கலங்க" என்றார். கேமராவிலேயே மைக் இருந்ததால் அவர் சொன்னது அங்கே நன்றாகவே கேட்டது. உடனே இஸ்மாயில் சத்தத்தைச் சரிசெய்வது எப்படி என்று விளக்க ஆரம்பித்தார். காது கேட்காதவர்களுக்கு நான்கு வெள்ளிக்கிழமைகள் விடாமல் பாடம் நடத்திய ஒரே மனிதர் அவர்தான். ஐந்தாவது வாரம் ரஹ்மத் பீவி அலுத்துப்போய்த் தலையாட்டினார். தன்னால்தான் சரியாயிற்று என்று இஸ்மாயிலுக்கு ஒரே பெருமை. அதன் பிறகு போனைத் தொடுவதை அவர் கௌரவக் குறைச்சலாக நினைத்தார்.

மஞ்சக்குப்பத்திலிருந்து கதிர்வேல் என்ற மெக்கானிக் மூன்று முறை வந்தார். சத்தம் வராவிட்டாலும், மவுஸ் நகராவிட்டாலும், ஏன், கரண்ட் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒரே வைத்தியம்தான்: "ஃபார்மட் பண்ணிடலாம்கா." பண்ணினார். கல்யாண போட்டோக்கள் போயின, சத்தம் வரவில்லை. மேசையை நகர்த்திப் பின்பக்கம் பார்க்க அவருக்கு இடுப்பு வலி.

2006 ஜூனில் இஸ்மாயில் திரையில் விரலை ஆட்டி ஆட்டி என்னவோ பேசினார். ரஹ்மத் பீவி வழக்கம்போலத் தலையாட்டினார். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருந்த மகள் அம்ரீன் ஆகஸ்டில் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். ரஹ்மத் பீவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. இஸ்மாயிலோ லீவுக்கு ஊர் வராமல் அந்த நாட்களின் சம்பளத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிற ஆள். தன் வீட்டில் எதிர்ப்பேச்சே கிடையாது என்று ரூமில் உள்ளவர்களிடம் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வருடம் அம்ரீன் மேசைக்குப் பின்னால் பெருக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, ஸ்பீக்கர் ஒயரை அத்தா மைக் ஓட்டையில சொருகியிருக்காங்க. மாத்திடவா?"

ரஹ்மத் பீவி திரையில் ஆடிய விரலை நினைத்துப் பார்த்தார். அது என்ன சொல்லியிருக்கும் என்று கல்யாணமான நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ படிச்சு முடி."

பரீட்சை முடிவு வந்த 2010 ஜூனில் அம்ரீன் ஒயரை மாற்றினாள். தேங்கியிருந்த குரல், ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி வீதம், பேசிய வரிசைப்படியே இறங்கத் தொடங்கியது. முதல் நான்கு வாரமும் சத்தத்தைச் சரிசெய்வது பற்றியே. ஒயரைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார். நவம்பரில் அந்த விரலின் பேச்சு வந்தது: "புள்ளைக்குப் படிச்சது போதும். பஸ்ஸுல அலைய வேணாம், வூட்டோட இருக்கட்டும்." கடலூரிலேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த அம்ரீன், மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள், கையைக் கழுவிவிட்டு மறுபடி வேலைக்குப் போனாள். ரஹ்மத் பீவி வாய்விட்டுச் சிரித்தார்.

2012 மார்ச்சில் இஸ்மாயில் ஒரேயடியாக ஊர் திரும்பினார். மகள் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குவதைக் கண்டு வீடே அதிரக் கத்தினார். யாரைக் கேட்டுப் படிக்க வைத்தாய், அன்றைக்கே வேண்டாம் என்றேனே, தலையாட்டினாயே என்றார்.

"நீங்க சொன்னது போன வருசத்துக்கு முந்தின வருசம்தாங்க வந்து சேந்துச்சு. அதுக்குள்ள புள்ள படிச்சு முடிச்சிருச்சு."

இஸ்மாயில் மேசையை இழுத்தார், ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், முதலில் அவற்றைச் சொருகிய கை யாருடையது என்பது ஞாபகம் வந்ததும் மேசையைத் திரும்பத் தள்ளிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை 2007ஆம் வருடத்துப் பேச்சு வந்தது. நான் கிழித்த கோட்டை என் வீட்டில் யாரும் தாண்ட மாட்டார்கள் என்று ஸ்பீக்கர் முழங்கியது. ரஹ்மத் பீவி பக்கத்தில் டீயை வைத்துவிட்டுப் போனார். அம்ரீன் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். கேட்க வேறு ஆள் இல்லாததால் இஸ்மாயிலே கடைசிவரை உட்கார்ந்து கேட்டார், ஒவ்வொரு பேச்சுக்கும் தலையாட்டினார்.