இறந்தவருக்கும் தங்கைக்கும் நடுவே ஒரு வரி

என் கணவர் சாய் மிங்-யாவ் இறந்தபோது, எங்கள் ஊரான ஜியாயியில் ஈமச்சடங்கு நிறுவனம் நடத்தும் ஜியான், இரங்கல் அறிவிப்பை இனி யாரும் தாளில் அடிப்பதில்லை என்றார். அவர்களுடைய இணையப் பக்கத்தில் நானே தட்டச்சு செய்தால் உறவினர் எல்லோருடைய கைபேசிக்கும் போய்விடுமாம். நவீனம் என்ற சொல்லைப் பாக்கைப் போல மென்றுகொண்டே இருந்தார்.

நான் கவனமாகவே எழுதினேன். காலமானவரின் பெயர் தனி வரியில். கீழே ஒரு வெற்று வரி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மரியாதைக்காக அவர் தங்கை சாய் யுவே-ஓவின் பெயரை முதலில் போட்டு, அடுத்த வரியில் என் பெயர். கடைசியில் 'அழுது அறிவிக்கிறோம்'. செத்தவர் பெயரோடு உயிரோடிருப்பவர் பெயர் ஒட்டக்கூடாது என்பது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜியானின் பக்கத்துக்குத் தெரியவில்லை. நான் விட்ட வரிகளையெல்லாம் விழுங்கிவிட்டு, 'காலமானார் சாய் மிங்-யாவ் சாய் யுவே-ஓ லியாவ் ஜின்-ஷூ அழுது அறிவிக்கிறோம்' என்று ஒரே மூச்சில் சொன்னது. மூன்றாவது பெயர் என்னுடையது. துக்கம் விசாரித்து வந்த தொலைபேசியை நானே எடுத்துப் பேசியதால் என்னை யாரும் சாகடிக்கவில்லை.

மறுநாள் யுவே-ஓ அழைத்தாள்.

"அண்ணி, என்னை எப்ப எரிக்கிறதா உத்தேசம்?"

"அடியே, அது அந்தப் பக்கம் பண்ணின கூத்து."

"எவன் பண்ணினா என்ன? போன மாசம் ஆஸ்பத்திரியில நெஞ்சைப் பிளந்து தைச்சு இன்னும் வலி போகல. சாவு வீட்டுக்கு அனுப்புவாங்களே, பான டப்பாவை அடுக்கின கோபுரம், அது என் வாசல்ல ஆளுயரத்துக்கு நிக்குது, நாடாவுல என் பேரு. பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பாத்ததும் கையில இருந்த தட்டைப் போட்டுட்டா. பேரைப் பிரிச்சு வைங்க. இல்லன்னா அண்ணனை வழியனுப்ப நான் வரமாட்டேன்."

அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே உடன்பிறப்பு அவள். அவள் வராமல் அவரை எரிக்க எனக்கு மனமில்லை. நேராக ஜியானின் அலுவலகத்துக்குப் போனேன்.

"சாய் அம்மா, கணினின்னா வரியைச் சேத்துக்கத்தான் செய்யும். அதோட குணம் அது."

"உங்க விலைப்பட்டியல் மட்டும் வரிவரியா நிக்குதே?"

"அது நாங்க எழுதினதும்மா."

"நாங்க எழுதினா ஒட்டிக்கும், நீங்க எழுதினா ஒட்டாதா?"

அவரே உட்கார்ந்து திருத்தினார். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் கோண அடைப்புக்குள் இரண்டு ஆங்கில எழுத்துகள், வரி பிரிக்கும் கணினிக் குறியாம், அப்படியே முளைத்தன. "பாத்தீங்களா, பிரிஞ்சிடுச்சு!" என்றார், பிரசவம் பார்த்த பெருமையோடு.

பக்கத்தை உருவாக்கியவரைக் கூப்பிடச் சொன்னேன். ஒலிபெருக்கியில் ஓர் இளம்பெண் பேசினாள்.

"முதலாளி, எழுதின வரியையும் இடைவெளியையும் அப்படியே காட்டுன்னு ஒரு கட்டளை இருந்துச்சே. நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க? வெத்து வரி விட்டா பக்கம் நீளுது, 'மலர்வளையம் வாங்க' பொத்தான் முதல் திரையில தெரியலன்னு."

ஜியான் ஒலிபெருக்கியை அணைக்கத் தடவினார். அந்தப் பொத்தான் மட்டும் அவருக்கு அகப்படவில்லை.

"அந்தக் கட்டளையைத் திரும்பப் போட்டுடும்மா" என்றேன். எனக்கு ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் போட்டுவிட்டாள். இவ்வளவுதான் கணினியின் குணம்.

யுவே-ஓவை அழைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"பிரிஞ்சுதான் இருக்கு. ஆனா ஒரு வரிதானே இருக்கு அண்ணி? இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க. அண்ணன் மேல பாசம் இருக்கு, அவசரம் இல்ல."

வெற்று வரிகளாகத் தட்டிக்கொண்டே போனேன். மலர்வளையம் விற்கும் பொத்தான் கீழே, கீழே போய் மறைந்தது. ஜியான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியனுப்பும் நாளில் யுவே-ஓ வந்தாள். சாவு அண்டாதிருக்கக் கோயிலில் கொடுக்கும் சிவப்புக் காப்புப் பையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூடத்தின் கடைசி வரிசையிலேயே நின்று, படத்தைப் பார்த்து உரக்க அழுதாள். முன்னால் வரச்சொல்லி யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நான் பின்னால் போய் அவளோடு நின்றுகொண்டேன்.