அடைப்பு வளையம்

வலது தோள்பட்டை வாரக்கணக்கில் என்னைத் தூங்கவிடவில்லை. பீரங்கிக் குண்டு ஒவ்வொன்றும் சிமெண்ட் மூட்டைக்குச் சற்றுக் குறைவான கனம். எங்கள் ஊரான கிரிவிய் ரிக்கின் இரும்புச் சுரங்கத்தில் இதைவிடக் கனத்தைத் தூக்கியவன்தான் நான். ஆனாலும் அன்று காலை வலி தாங்க முடியவில்லை. குண்டு தூக்குகிற வேலை இல்லாமல் போனதுதான் காரணம். குண்டுகள் மரத்தடியில் அடுக்கிக் கிடந்தன, பீரங்கி சுடாமல் நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பதுங்குகுழியில் என் மனைவியின் தம்பி யுகிம் இருந்தான்.

பீரங்கியைக் கெடுத்தது தெம்யான். என்னோடு சுரங்கத்தில் இருந்தவன், துளைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்தவன். எங்கள் பட்டறையில் எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் முதலில் டீசல் வாளியில்தான் போடுவோம். பழைய சோவியத் பீரங்கிகளையும் அப்படித்தான் கழுவினோம், ஒன்றும் ஆகவில்லை. அவற்றில் மருந்தை வைத்திருக்கும் பித்தளை உறையே நெருப்பு பின்னால் வராமல் அடைத்துவிடும். வெளிநாட்டார் கொடுத்த இந்தப் பீரங்கியில் உறை கிடையாது. பின்கதவில் ரப்பர் போன்ற ஒரு வளையம்தான் நெருப்பு நம் முகத்தில் பீறிடாமல் காக்கிறது. அதைத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தெம்யானின் கை பயிற்சிக்குப் போகவில்லை போலிருக்கிறது. டீசல் குடித்து வளையம் ஊதிவிட்டது, கதவு மூட மறுத்தது.

"உன் தலைய முக்கியிருக்கலாம்டா. அதுல வீங்குறதுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். அவன் வளையத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

போலந்தில் இருக்கும் தொழில்நுட்பக்காரர் செல்போன் திரையில் வந்து பார்த்தார். நல்ல மனிதர். கதவை அடித்து மூடாதீர்கள் என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். புது வளையம் வரும், ஆனால் கொடுத்த நாடு கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பீரங்கி ஒரு நாட்டுடையது, குண்டு இன்னொரு நாட்டுடையது, குண்டைத் தள்ளும் மருந்துப் பொதி மூன்றாவது நாட்டுடையது. அவர்கள் அனுப்பாமல் இருந்தால் இந்த ஆற்றங்கரை எப்போதோ போயிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யுகிமை நோக்கி வரும் ரஷ்யர்கள் யார் கையெழுத்துக்கும் காத்திருக்கவில்லை.

வானொலியில் அவன் குரல் வந்தது. "மச்சான், தோப்புக்குள்ள வண்டிச் சத்தம் கேக்குது. அங்க என்ன, தூங்குறீங்களா?"

சாலையின் மறுகோடியில் உலியானாவின் குழு இருந்தது. போல்தாவா பக்கம் அறுவடை இயந்திரம் ஓட்டியவள், இப்போது பீரங்கித் தலைவி. எங்களுடையதைப் போன்றதே அவளுடையதும். அவளிடம் வளையம் இருந்தது, குண்டு தீர்ந்திருந்தது. எங்கள் குண்டுகளை அவளிடம் கொண்டுபோயும் பயனில்லை, அங்கிருந்து சுட்டால் யுகிமின் தோப்பு எட்டாது. வேனை எடுத்துக்கொண்டு, ட்ரோனுக்குப் பயந்து வானத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

டீசல் கதையைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். "எங்க ஆளுங்க பெட்ரோல்ல போட்டாங்க." பிறகு முகம் மாறியது. "அதனால இது ஒண்ணுதான் மிச்சம். சாயங்காலத்துக்குள்ள எனக்குக் குண்டு வந்துடும். அதுக்குள்ள முழுசா திருப்பித் தரணும்."

"தந்துடறேன்க்கா. என் மச்சினன் அங்க இருக்கான்."

"எல்லாருக்கும் அங்க யாராவது இருக்காங்க" என்றபடி கதவிலிருந்து கழற்றி, சுத்தமான துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

வளையத்தை எங்கள் பீரங்கியில் மாட்டினோம். தோப்பு தூரம், பெரிய பொதி போட்டால்தான் குண்டு போய்ச் சேரும். சில குண்டுகளுக்கு ஒருமுறை நிறுத்தி வளையத்தை ஆறவிடச் சொல்லியிருந்தார் திரையில் வந்தவர். ஆறவிடவில்லை. இன்னும் வலது, இன்னும் வலது என்று யுகிம் சொல்லிக்கொண்டே இருந்தான், தெம்யான் குழலைத் திருப்பினான், நான் குண்டைத் தூக்கினேன். தோள் இருந்த இடமே தெரியவில்லை. பிறகு வானொலி சும்மா இருந்தது. அந்த நேரத்தில் நான் என் மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்துவிட்டேன். கடைசியில் அவனேதான் பேசினான், திரும்பிப் போகிறார்கள், நிறுத்துங்கள் என்று.

கதவைத் திறந்தபோது வளையத்தின் விளிம்பு கருகியிருந்தது. குறுக்கே ஒரு வெடிப்பு.

அதையே துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். உலியானாவின் ஆட்கள் லாரியிலிருந்து குண்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வெடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டவில்லை. அவளுடைய வானொலியிலும் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யார் என்று கேட்டேன்.

"அறுவடைக்கு என் வண்டியில வந்தவங்க, இப்போ குழியில இருக்காங்க. ரெண்டு பேரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தன்னால் சுட முடியாது, பின்வாங்கிவிடுங்கள் என்று அவர்களிடம் சொன்னாள். ஒருவன்தான் வந்து சேர்ந்தான்.

யுகிம் உயிரோடு இருக்கிறான். கையெழுத்து ஆகிவிட்டது, வளையம் கிளம்பிவிட்டது என்று போலந்துக்காரர் சொல்கிறார். எந்த எல்லையில் நிற்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

உலியானாவுக்கு நாங்கள் ஒரு அடைப்பு வளையம் கடன். இன்னும் கொடுக்கவில்லை.