பிறந்த வீட்டுக் கோடி

தலைமாட்டைக் கிருபை பிடித்துக்கொண்டாள், கால்மாட்டைப் பாப்பம்மா. முன்வாசல் வழியாகத் தூக்கிப்போக வழியில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் கூடத்துக்குச் சிமெந்து போட்டிருந்தார்கள். பூனை நடந்தால்கூடத் தடம் விழும். ஆகவே ரத்தினம்மாவின் உடலை அடுப்படி வழியாகத்தான் கிணற்றடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கரி அப்பிய சுவர்களுக்கு நடுவே குனிந்து போகையில், மதினி இந்த அடுப்படிக்குள் வந்து எவ்வளவு காலமாயிற்று என்று கிருபைக்குத் தோன்றியது. செத்துப்போனவளைப் பற்றி நினைக்கிற நினைப்பா இது என்று கேட்பீர்கள். என்ன செய்வது, அவளுக்கு அதுதான் வந்தது.

கிருபை, வத்தேகமப் பக்கத்துச் சபைக்குப் போதகராயிருந்த தேவவரம் ஐயரின் மனைவி. ரத்தினம்மா ஐயருக்கு அக்கா, கிருபைக்கு மதினி. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தாலியறுத்த பிறகு அந்தத் தம்பியின் வீடே அவளுக்கு வீடாயிற்று. கிருபை கல்யாணமாகி வந்தபோது ரத்தினம்மா ஏற்கெனவே அங்கே இருந்தாள். வந்தவள் நீதான் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே கிருபைக்கு அது கேட்டுக்கொண்டிருந்தது.

மிஷன் கொடுத்திருந்த அந்த வீடு மிகப் பழையது. மழைக்கு ஒழுகும், காற்றுக்கு ஆடும். அதைச் செப்பனிட ஐயர் இறங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. விடியுமுன் தேயிலைத் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயங்களுக்கு ஏறிப்போய் ஜெபம் நடத்துவார். திரும்பி வந்ததும் அங்கியை ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொத்துவேலை செய்யும் மேசன் பாஸோடு சேர்ந்து மணல் சலிப்பார். ஜன்னல் கட்டையில் வேதாகமம் விரிந்திருக்கும். பிரசங்கத்துக்கு ஒரு வாக்கியம் தோன்றினால் சிமெந்துக் கையோடு போய்ப் பார்ப்பார். வேலை தொடங்கினபோது முதலில் அடுப்படிக்குப் புகைக்கூண்டு என்றுதான் பேச்சு. ஆனால் அந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு இருமல் கண்டது. கிழக்கு வெயில் படும்படி, பலகைத் தரையும் கண்ணாடி ஜன்னலுமாக அக்காவுக்கு ஓர் அறை எழும்பிற்று. அடுத்தது அடுப்படி என்றார். அடுத்தது கூடமாயிற்று. கிருபை ஊதுகுழலோடு புகைக்குள்ளேயே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் அவர் நேரே போய் நிற்பது அக்கா உட்கார்ந்திருக்கும் கதிரையருகில்தான். இன்றைக்குப் பிரசங்கம் எப்படி என்று அவளைத்தான் கேட்பார். மடவளையிலிருந்து முஹ்ஸின் நானா துணி மூட்டையோடு வந்தால், எடுப்பது எப்போதும் இரண்டு சேலை. முதலில் தொட்டுப் பார்ப்பது அக்கா. கிருபை மற்றதை மடித்துப் பெட்டியில் வைப்பாள்.

கிணற்றடியில் நாலு பக்கமும் சேலை கட்டி மறைத்துக் குளிப்பாட்டினார்கள். பாப்பம்மா தோட்டத்திலிருந்து சபைக்கு வந்தவள், கை சுறுசுறுப்பானவள். நனைந்த கூந்தலைப் பிழிந்துகொண்டே, வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"கோடி யாரும்மா கொண்டாரது?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நம்ம சபையிலதான் அது கெடையாதே. மறந்துட்டேன்."

கிருபையின் கையிலிருந்த செம்பு ஒரு கணம் நின்றது.

அந்தச் சபையில் கோடி கிடையாது என்று ஆக்கியவர் தேவவரம் ஐயர்தான். போன மாசியில் வீரையாவின் தாய் பேச்சியம்மா இறந்தபோது நடந்தது அது. வீரையாவுக்கு ஸ்தேவான் என்று ஞானஸ்நானப் பெயர் உண்டு. அவன் பெண்டாட்டிக்கே அது மறந்துவிட்டது. அவனுடைய தாய்மாமன், தங்கச்சிக்குப் பிறந்த வீட்டுக் கோடியாக ஒரு புதுச்சேலையைக் கையில் ஏந்திக்கொண்டு மலைக்கு அந்தப்புறத்திலிருந்து நடந்தே வந்திருந்தான். ஐயர் கோயில் வாசலில் அவனை மறித்தார். கிறிஸ்துவுக்குள் மரித்தவளுக்கு இந்தச் சடங்கெல்லாம் எதற்கு, உள்ளே கொண்டுவராதே என்றார். கிழவன் சேலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அடக்கத்துக்கும் நிற்காமல் வந்த வழியே போனான். வீரையா அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தான். ஐயர் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இத்தனையும் தெரிந்துதான் ரத்தினம்மா கேட்டாள். போன வாரம், கிருபை கஞ்சி புகட்டிக்கொண்டிருக்கையில், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏ புள்ள, நான் போனா எனக்குக் கோடி போடணும். பொறந்த வீட்டுக் கோடி இல்லாம என்னைய மண்ணுல வச்சிராதீங்க. அவன்கிட்ட நான் கேக்க மாட்டேன். நீ பாத்துக்க."

கிருபை கரண்டியை வாயருகில் கொண்டுபோனாள். தம்பியிடம் போய்ச் சொல்ல என்னைத் தூது அனுப்புகிறாளாக்கும் என்று நினைத்தாள். சொன்னால் அவர் செய்வார். சபையே எதிர்த்து நின்றாலும் அக்காவுக்காகச் செய்வார். கேட்காமலே எல்லாம் கிடைத்தவளுக்கு, கேட்டும் ஒன்று கிடைக்காமல் போகட்டுமே. அப்படி நினைத்து வாயை மூடிக்கொண்டவள்தான். விடியற்காலையில் மூச்சு அடங்கியபோதும் திறக்கவில்லை.

கூடத்தில் உடலைக் கிடத்த முடியாததால் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். சபையார் உட்காரும் வாங்குகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு, பீடத்துக்கு நேர் கீழே பெட்டியை வைத்தார்கள். போதகர்மார் இறந்தால்தான் அந்த இடம். கிருபை மணப்பெண்ணாக நின்ற இடமும் அதுதான். அங்கேயும் நீதானா மதினி என்று அவள் மனசு கேட்டது. பெண்கள் பாட்டெடுத்துப் பாட, அவளும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

ஐயருக்கு அன்றைக்கும் இருக்க நேரமில்லை. குழி வெட்டுகிற இடத்துக்குப் போனார், அம்பிட்டியவிலிருந்து வந்த உறவுக்காரரை வரவேற்றார். அதற்கிடையில் மேசன் பாஸ் தயங்கித் தயங்கி வந்து, தரைக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் வெடித்துவிடும் என்றான். மாற்றுவேட்டி எடுக்கக் கிருபை வீட்டுக்குப் போனபோது பார்த்தாள்: ஐயர் அங்கியோடு கூடத்து நிலைப்படியில் நின்று, வாளியிலிருந்து கையால் அள்ளி அள்ளித் தரைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. தோள் குலுங்கியது. சத்தம் வராதபடி வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டார். பிறகு மறுபடி அள்ளித் தெளித்தார். அவள் வந்தது அவருக்குத் தெரியாது.

எனக்கும் இப்படி அழுவாரா?

அந்தக் கேள்விதான் அவளைத் தன் துணிப்பெட்டியடிக்குக் கொண்டுபோனது. இரக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். முஹ்ஸின் நானாவிடம் கடைசியாக எடுத்த இரண்டில் தன்னுடையதை வெளியே எடுத்தாள்; பச்சைக்கரை போட்டது, மடிப்புக் கலையாதது. அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். தன் வாயால் போட்ட சட்டத்தை அக்காவுக்காகத் தன் கையாலேயே மீறட்டும். ஊர் பார்க்கட்டும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோயிலின் பக்கவாசலில் அவரை நிறுத்திச் சொன்னாள். சேலையை நீட்டினாள்.

ஐயர் சேலையைப் பார்த்தார். கை பாதி தூரம் வந்தது. பிறகு அதை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

"முடியாது கிருபை."

"மதினி கேட்டது."

"யாரு கேட்டாலுந்தான். முன் வாங்குல வீரையா உக்காந்திருக்கான்."

அவர் உள்ளே போய்விட்டார். கிருபை சேலையோடு நின்றாள். ஆம் என்று சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்ள அவள் தன்னைத் தயார்செய்து வைத்திருந்தாள். இல்லை என்றதற்குத் தயார்செய்திருக்கவில்லை. அவன்கிட்ட நான் கேக்க மாட்டேன் என்று மதினி சொன்னது இப்போது வேறு மாதிரிக் கேட்டது. அவர் மாட்டார் என்று இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளும் இத்தனை காலம் கதிரையில் உட்கார்ந்து, கோயிலுக்குப் போக மீந்து வருகிற தம்பிக்காகத்தான் காத்திருந்தாளோ என்னவோ.

ஜெபம் முடிந்து, ஐயர் வசனம் வாசிக்க, பெட்டியை அடைக்க மூடியைத் தூக்கினார்கள். கிருபை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நடந்தாள். பெண்கள் தணிந்த குரலில் இழுத்துக்கொண்டிருந்த பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றுபோனது. சேலையை உதறி விரித்து, மார்பிலிருந்து கால்வரை போர்த்தினாள். ஐயர் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை, வாசிக்கவும் இல்லை.

முன் வாங்கிலிருந்து வீரையா எழுந்தான். ஏதோ கேட்கப்போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் வந்து பெட்டியின் கால்மாட்டில் குனிந்தான்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் இழுங்கம்மா. இங்கிட்டு சுருங்கியிருக்கு."

இருவருமாகச் சேலையை நேராக்கினார்கள். அவன் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான். ஐயர் விட்ட வசனத்தைத் தேடி எடுத்து மறுபடி வாசித்தார். குரல் மட்டும் சற்று இறங்கியிருந்தது.

அடக்கம் முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் முன்னால் இறங்கிப் போய்விட, ஐயரும் கிருபையும் ஒரே குடையில் நடந்தார்கள். கோபித்துக்கொள்வார் என்று அவள் காத்திருந்தாள். சபையார் முன் தலைகுனிய வைத்தாயே என்பார், அதற்குப் பதிலும் வைத்திருந்தாள். அவர் கேட்டது அதுவல்ல.

"அக்கா எப்பக் கேட்டா?"

"போன வாரம். கஞ்சி குடிக்கையில."

கொஞ்ச தூரம் சேற்றைப் பார்த்து நடந்தார்.

"நான் அன்னைக்கு ராத்திரி பூரா பக்கத்துலதான இருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

கிருபை குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். அந்தக் குரல் அவளுக்குப் புதிதல்ல. இத்தனை வருஷமாக அடுப்படிப் புகைக்குள் அவள் தொண்டையிலேயே கிடந்த குரல்தான் அது.

"வேற என்ன சொன்னா உன்கிட்ட?"

ரத்தினம்மா வேறொன்றும் சொல்லவில்லை. கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"நெறையச் சொன்னாங்க," என்றாள் கிருபை.

அவர் என்னவென்று கேட்பார் என்று ஒவ்வோர் எட்டிலும் எதிர்பார்த்து நடந்தாள். அவர் கேட்கவில்லை. குடையை விட்டு வெளியே விலகி, மழையில் நனைந்துகொண்டே முன்னால் போனார். அங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டது. கிருபை அவரைக் கூப்பிடவுமில்லை, நடையை எட்டிப் போடவுமில்லை. பாதை திரும்புகிற இடத்தில் அவர் காத்து நின்றார், திரும்பிப் பார்க்காமல், ஈரத் தலையோடு.

அவள் மெதுவாகவே இறங்கி வந்துகொண்டிருந்தாள்.