கோதன்பர்க்கில் இரண்டு விசில்

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தினகரனின் மகள் கப்பல் கேப்டன் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் சொல்லித்தான் தெரியும். சுவீடனில் கோதன்பர்க் என்ற துறைமுக நகரத்தில் மனிஷாவுக்குப் பயணிகள் படகில் வேலை கிடைத்ததும், மனிதர் தன் பாட்டுக்குக் கேப்டன் பதவியையும் கொடுத்துவிட்டார். மகள் டிக்கெட் எடுத்து அனுப்ப, லீவு போட்டுக் கிளம்பியபோது டிரைவர் சங்கிலி ஒன்றுதான் கேட்டார்.

"கேப்டன் தொப்பியோட ஒரு போட்டோ கொண்டாங்க கண்டக்டரே."

கோதன்பர்க் தினகரனுக்குப் பிடித்தது. மழை நம் குன்னூர் மழையைப் போலச் சாய்ந்து அடித்தது. அதனால் ஸ்வெட்டருக்குள் அவர் சொந்த ஊரில் இருப்பதுபோலத்தான் நடந்தார். டீ என்று கொடுத்ததைக் குடிக்க முடியவில்லை. தெருவில் ஓடிய டிராமில் ஜனங்கள் இடிக்காமல் வரிசையாக ஏறியதைப் பார்த்து அவருக்கு வயிறெரிந்தது. அதில் கண்டக்டரே இல்லை என்று தெரிந்ததும் அந்த டிராமின் மேலிருந்த மரியாதை போய்விட்டது.

மறுநாள் படகுத்துறைக்குப் போனார். உயரே கண்ணாடிக் கூண்டில் ஒரு தாடிக்காரர் உட்கார்ந்து படகை ஓட்டினார். மனிஷா கீழே, ஆரஞ்சுச் சட்டையில், நனைந்த கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தினகரனுக்கு முகம் செத்துப்போயிற்று. ஸ்டாண்டில் இனி எந்த முகத்தோடு நிற்பது?

அவரும் ஏறிக்கொண்டார். படகு நிறைந்தது. கடைசி ஆளும் ஏறியாயிற்று. வருஷக்கணக்கான பழக்கம் சும்மா விடுமா? ஸ்வெட்டர் பையில் கிடந்த விசில் எப்படி வாய்க்கு வந்ததோ, 'போகலாம்' என்று இரண்டு முறை ஊதிவிட்டார். மொத்தப் படகும் திரும்பிப் பார்த்தது.

"அப்பா, பேசாம உக்காருங்கப்பா," என்றாள் மனிஷா, கரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படகு அசையவில்லை. தாடிக்காரர் கூண்டிலிருந்து எட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்குள் ஒரு தாய் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். கூண்டிலிருந்து அது தெரியாது. தினகரனுக்கும் தெரியவில்லை. மனிஷா வண்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள், கயிற்றை அவிழ்த்தாள், கதவைச் சாத்தினாள், கையை உயர்த்தினாள். அப்புறம்தான் படகு நகர்ந்தது.

தினகரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆள் ஓடிவருவதைப் பார்க்காமல் அவர் விசில் கொடுத்துவிட்டார். மகளோ பார்த்துவிட்டுத்தான் கையை உயர்த்தினாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரரிடம் மனிஷாவைக் காட்டி, "என்ற பொண்ணுங்க," என்றார். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டினார்.

ஊர் திரும்பியதும் சங்கிலி போட்டோவை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, புள்ள கயித்தப் புடிச்சிட்டு நிக்குது. கேப்டன்னு சொன்னீங்க?"

"அது நானா உட்ட கதைங்க," என்றார் தினகரன், ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி. "எம்பொண்ணு அங்க கண்டக்டருங்க. அவ கை தூக்காம கேப்டன் வண்டிய எடுக்க முடியாது."

சங்கிலி சிரித்துக்கொண்டே ஏறி வண்டியைக் கிளப்பினார். தினகரன் பின்படியில் நின்று, யாராவது ஓடிவருகிறார்களா என்று வெளியே நன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, விசிலை வாயில் வைத்தார்.