படுக்கை காலியாகும் நேரம்

வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருடம் வந்தால் அந்த நிறுவனம் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கும். இனிமேல் ஒரு துறையில் மட்டும் இருக்கிறாயா, இல்லை எல்லாத் துறைக்கும் போய் வருகிறாயா? வீட்டின் இரண்டு பெண்களில் மூத்தவளான பெரியவளிடமும் கேட்டார்கள். வருடக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மற்ற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் அங்கே தொழில். இதை உறவுக்காரர்களிடம் விளக்குவதற்குள் அவளுடைய அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "கம்பெனிங்களுக்குப் புத்தி சொல்ற வேலை" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "வீட்டுல நாம சொல்றதையே ஒருத்தரும் கேக்கறதில்ல, கம்பெனி கேக்குதா?" என்று சித்தி கேட்டதோடு அம்மா விளக்குவதை விட்டுவிட்டாள்.

பெரியவள் அதுவரை சிமெண்ட் ஆலை, விமான நிலையம், வங்கி, மரச்சாமான் கடைகள் என்று பலவற்றையும் பார்த்திருந்தாள். புது இடத்தில் முதல் வாரம் அவளுக்கு மிகவும் பிடிக்கும். ஒன்றுமே தெரியாமல் உள்ளே போய், யாரையும் எதையும் கேட்கலாம் என்ற உரிமை. எந்தக் குழுவில் ஆள் குறைந்தாலும் அவளைத்தான் போட்டார்கள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'கறிவேப்பிலை' என்று பெயர். கேட்டு அவளும் சிரிப்பாள். சாப்பிடும்போது கறிவேப்பிலையை என்ன செய்வார்கள் என்பது சில நாட்களில் மட்டும் நினைவுக்கு வந்து உறுத்தும்.

அவளை இழுக்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மேடம். எல்லாத் துறைகளிலும் கால் வைத்தவர், நிறுவனத்தின் மூத்த பங்குதாரர்களில் ஒருவர். ஒரு துறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அந்தத் துறை படுக்கும் நாளில் நாமும் சேர்ந்து படுக்க வேண்டியதுதான் என்பது அவர் கட்சி. இன்னொருவரை எல்லோரும் 'டாக்டர்' என்பார்கள். மருத்துவம் படித்தவர் இல்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து மருத்துவமனைகளைத் தவிர வேறு எதையும் தொடாதவர், அவ்வளவுதான். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று அவர் மேடத்தின் காதுபடவே சொல்வார். மேடம் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்.

அந்தக் கோடையில் பெரியவளை டாக்டரின் குழுவில் போட்டார்கள். பெரிய மருத்துவமனை ஒன்று. காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்ட நோயாளிகள் சாயங்காலம்வரை படுக்கையை விட்டு நகர்வதில்லை. கீழே அவசரப் பிரிவில் புது நோயாளிகள் சக்கரக் கட்டிலிலேயே காத்துக் கிடந்தார்கள். விமான நிலைய நினைப்பில், கிளம்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு காத்திருப்பு அறை வைக்கலாம் என்றாள் பெரியவள். அந்த அறை எப்படிக் கொஞ்ச நாளில் இன்னொரு வார்டாகவே மாறிவிடும் என்று டாக்டர் தான் பார்த்த கதைகளைச் சொன்னார். அவருடைய மருந்து வேறு: வீட்டுக்கு அனுப்பும் குறிப்பை மருத்துவர்கள் முந்தின நாளே எழுதி வைக்க வேண்டும். எல்லா இடத்திலும் அதைத்தான் சொல்வார். இங்கேயும் சொன்னார், எழுதினார்கள். ஆனாலும் படுக்கை காலியாகவில்லை.

பெரியவள் வார்டில் போய் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மருத்துவரின் குறிப்பு தயாராக இருந்தும் நோயாளிகள் உடை மாற்றிக்கொண்டு கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கூட்டிப்போக வேண்டியவர்கள் வேலை முடிந்து சாயங்காலம்தான் வந்தார்கள். யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மரச்சாமான் கடையில் கட்டில், அலமாரி அனுப்புவதற்கு முந்தின நாளே வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, நாளைக்கு வீட்டில் ஆள் இருக்குமா என்று கேட்பார்கள். அதையே இங்கே செய்யச் சொன்னாள். வார்டிலிருந்து முந்தின நாள் ஒரு போன். சில வாரங்களிலேயே மதியத்துக்குள் படுக்கைகள் காலியாகத் தொடங்கின. மருத்துவமனை இயக்குநர் கை கொடுத்தார்.

மேடம் கூப்பிட்டுப் பாராட்டினார். நாலு இடம் பார்த்ததால்தான் உனக்கு இது தோன்றியது, என் பக்கம் வந்துவிடு என்றார். அதே நாள் டாக்டரும் கூப்பிட்டார். பொறுமையாக வார்டில் உட்கார்ந்ததால்தான் உனக்கு இது கண்ணில் பட்டது, என் பக்கம் வந்துவிடு என்றார்.

வீட்டில் இதைத் தங்கையிடம் சொன்னாள். இருவரும் ஒரே ஃப்ளாட்டில் இருந்தார்கள். சின்னவள் பல் மருத்துவர்; எல்லா வைத்தியமும் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது வேர் சிகிச்சை மட்டும் செய்கிறாள். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரே வேலையைக் காட்டி ரெண்டு பேரும் அவங்கவங்க பக்கம் இழுக்கறாங்களா?"

"ஆமா. உனக்கு நாள் முழுக்க வேரையே நோண்டிட்டு இருக்கறது போரடிக்கலையா?"

"அடிக்குது" என்றாள் சின்னவள். "ஆனா பல்லு வலிச்சா அதே ஆளு திரும்ப என்கிட்டத்தான் வருவாரு. நான் பண்ணது சரியா தப்பான்னு எனக்குத் தெரிஞ்சிடும். நீ பண்ணது உனக்கு எப்படித் தெரியும்?"

பெரியவள் மடித்த துணிகளை எடுத்துப்போய் அலமாரியில் வைத்தாள். அடுத்த வாரமே அவளைப் பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பினார்கள். நிறங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் உள்ளே போனாள். முதல் வாரம் வழக்கம்போல இனித்தது. மருத்துவமனை வேலையின் வெற்றி, நிறுவனம் புது வாடிக்கையாளர்களிடம் காட்டும் விளக்கப் படங்களில் ஒரு பக்கமாக ஏறியது.

மழை தொடங்கிய சமயத்தில் சித்தப்பாவுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. அதே மருத்துவமனை. எல்லாம் நல்லபடியாக நடந்து, ஒரு நாள் காலை, வீட்டுக்குப் போகலாம் என்று திடீரென்று சொன்னார்கள். சித்தியிடம் மாற்று உடைகூட இல்லை. பெரியவள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினாள். சித்தப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மதியம் போயிற்று. பில் வரவில்லை. எதிர்க் கட்டிலிலும் இன்னொருவர் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நேத்தே உங்களுக்குப் போன் பண்ணலையா சித்தி?"

"யாரு பண்ணுவா?" என்றாள் சித்தி.

இந்த மருத்துவமனைக்குத் தான் சொன்ன புத்திதான் அது என்று பெரியவள் சித்தியிடம் சொல்லவில்லை. விளக்குக் கம்பம்போல அந்த வார்டில் சாயங்காலம்வரை நின்றாள்.

மறுநாள் மேடத்திடம் போனாள். மேடம் மோசமானவர் இல்லை; கேட்டு வருத்தப்பட்டார். ஆனால் ஒப்பந்தம் முடிந்த வேலை, அவர்கள் கூப்பிடாமல் நாம் போய் நிற்க முடியாது என்றார். பெயிண்ட் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார்.

டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. "எல்லா இடத்துலயும் பழையபடி ஆயிடும்மா. என் வைத்தியமும் அப்படித்தான்" என்றார். "திரும்பத் திரும்பப் போறதால எனக்கு அது தெரியுது. மத்தவங்களுக்குத் தெரியறதில்ல. வித்தியாசம் அவ்வளவுதான்."

அவர் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். அந்தக் களைப்பு தனக்கும் வரும் என்பது பெரியவளுக்குப் புரிந்தது. இனிமேல் புது ஆலைகள் இல்லை, ஒன்றும் தெரியாத முதல் வாரம் இல்லை. இரண்டு நாள் அதை நினைத்தே மனசு ஆறவில்லை. பிறகு மருத்துவமனைத் துறை என்று எழுதிக் கொடுத்தாள்.

மேடம் ஒரே ஒரு முறை காரணம் கேட்டார்.

"நான் சொன்னது நின்னுச்சா விழுந்துச்சான்னு ஒரு தடவையாவது போய்ப் பாக்கணும் மேடம்."

"விழுந்துதான் இருக்கும்" என்றார் மேடம். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

புது வருடத்தில் டாக்டர் இயக்குநரிடம் பேசி, கட்டணம் இல்லாமல் சில நாட்கள் வந்து பார்க்க அனுமதி வாங்கினார். வார்டுப் பொறுப்பில் இருந்த செவிலியர் பெரியவளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"போனை ஏன் நிறுத்தினோம்னுதானே கேக்க வந்தீங்க? நாங்க கூப்பிட்டதும் வேலைக்கு லீவு போட்டுட்டுக் காலையிலயே வந்துடறாங்க. பில்லு சாயங்காலம்தான் வருது. அதுவரைக்கும் நோயாளியோட வராந்தாவுல உக்காந்து எங்களைத்தான் திட்டறாங்க. கூப்பிடாம இருந்தா திட்டு இல்ல."

பெரியவளுக்கு முகம் சூடானது. தன்னுடைய யோசனை வேலை செய்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். உண்மையில் காத்திருப்பைக் கட்டிலிலிருந்து வராந்தாவுக்கு மாற்றியிருக்கிறாள். மதியத்துக்குள் படுக்கை காலியானது உண்மைதான். குடும்பங்கள் எங்கே உட்கார்ந்திருந்தன என்பதை அவள் எண்ணவில்லை. எண்ணுவதற்குள் அவளைப் பெயிண்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பில் ஏன் தாமதம் என்று கேட்டாள். மீதி மருந்துகளை வார்டு திருப்பிக் கொடுத்து, மருந்தகம் எண்ணிக் கழித்த பிறகுதான் பில் போடுவார்கள் என்றார் செவிலியர். மருந்தகத்தில் எவ்வளவு நேரமாகும் என்பது அவருக்கும் தெரியாது. தன் வார்டைத் தாண்டினால் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

டாக்டர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இத்தனை மருத்துவமனைகளில் மருந்தகத்தில் அவர் எங்கும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அதை ஒப்புக்கொள்ளத் தயங்கவும் இல்லை.

"நீ போய் உக்காரு. நான் பில்லிங்ல உக்காரறேன்" என்றார்.

பெரியவள் படியிறங்கி மருந்தகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவரிடம், எனக்கு இந்த வேலையைப் பற்றி ஒன்றுமே தெரியாது, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றாள். அவர் ஒரு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார்.