மலைக்கு மேலிருந்த வெள்ளை

ராசப்பன் கடையில் சட்டம் போட்டு வந்த படத்தைச் செய்தித்தாளிலிருந்து பிரித்த ஜெயலக்ஷ்மி அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். மலை இருந்தது, மலைக்கு மேலே இருந்ததைக் காணவில்லை. பாதித் தாளில் வண்ணமே படாமல் அவள் விட்டுவைத்த வெள்ளைதான் பனிமூட்டம். நீர்வண்ணத்தில் அதைத் தீட்ட முடியாது, தொடாமல் விடத்தான் வேண்டும். இப்போது மலையுச்சி, நெரிசல் பஸ்ஸில் தலை இடிக்க நிற்கிற ஆள் மாதிரி சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது.

“பாதிப் பேப்பர் வெறும்னே கெடந்துதே, ஜெயா. மிச்சமாக்கும்னு நெனச்சு வெட்டச் சொன்னேன். சின்ன ஃபிரேம் மதி, அதுவே போறும்னுட்டார் ராசப்பன்,” என்றார் அவள் கணவர் விஸ்வேஸ்வரன், பெருமையாக.

“அது மஞ்சு, பனிமூட்டம்.”

அவர் முகம் விழுந்துவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றது அவர். ஓய்வு பறிபோனது என்னவோ இவளுக்கு. ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று மேசையை விட்டு நகரமாட்டார். தண்ணீர் மாற்றுவார், சாயா போடுவார், ஓயாமல் பேசுவார். “பாவம், மலை தனியா நிக்கறது. ஒரு குடிசையாவது போடேன்” என்பார். அது தனியாக நிற்பதற்காகத்தான் அவள் வரைந்ததே. இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரியவில்லை என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. நாளை சாயங்காலம் யூதத் தெருவில் கண்காட்சி. ஐம்பத்தெட்டு வயதில் முதல் கண்காட்சி.

“ஒட்டிப் பாக்கலாமோ?”

“ஒட்டினாத் தெரியும். புதுசா வரையணும். நீங்கோ கொஞ்சம் வெளில போய்ட்டு வாங்கோ.”

“எவ்வளவு நேரம்?”

“நான் கூப்பிடற வரைக்கும்.”

இதுவரை அவள் இப்படிச் சொன்னதில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அறைந்து சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.

தாளை நனைத்துப் பலகையில் விரித்தாள். வீடு அமைதியாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், எதிரே காயல்கரைப் படகுத்துறை ஓரத்தில் நிற்கிறார். போக இடமில்லாத மனுஷர். தூறல் விழ ஆரம்பித்தது. குடை கதவுக்குப் பின்னாலேயே தொங்குகிறது.

கூப்பிட வாயெடுத்தாள். தாளில் ஈரம் வற்றத் தொடங்கியிருந்தது. இப்போது விட்டால் போச்சு. நீலத்தைத் தொட்டு மலையின் தோளை இழுத்தாள்.

மறுபடி நிமிர்ந்தபோது மழை வலுத்து அக்கரையும் படகுகளும் மறைந்திருந்தன. வெளுத்துக் கிடந்த காயலுக்கு முன்னால், கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் ஒருவர் மட்டும் நின்றிருந்தார்.