பந்தைத் தள்ளிவிடுகிறவள்

அக்காவும் தங்கையும் ஒரே நாட்டு அணியில் ஹாக்கி ஆடினால் பெற்றவர்களுக்குப் பெருமை. அக்காவுக்கு? வயிற்றெரிச்சல். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது.

பெனால்டி கார்னர் கிடைத்தால் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவது அக்கா. வட்டத்துக்கு வெளியே ஒருத்தி அதை நிறுத்துவாள். தங்கை ஓடிவந்து ஸ்டிக்கால் இழுத்து வீசுவாள்; பந்து வலைக்குள் கிடக்கும். எல்லோரும் தங்கை மேல் போய் விழுவார்கள். கோட்டருகே குனிந்தவள் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் கொண்டாட்டம் முடிந்திருக்கும். பத்திரிகைக்காரர்கள் தங்கைக்குப் 'பீரங்கி' என்று பட்டம் கட்டினார்கள். பீரங்கிக்குக் குண்டு போடுகிறவளுக்கு யார் பட்டம் கட்டுவார்கள்?

இத்தனைக்கும் முதலில் ஹாக்கிக்குப் போனது அக்காதான். தங்கை வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவள். இப்போது அம்மா அக்காவுக்குப் போன் செய்தாலும், "தங்கச்சி சாப்பிட்டாளா?" என்றுதான் ஆரம்பிப்பாள். வெளிநாட்டுப் பெரிய போட்டிக்கு ஆள் எடுத்தபோது கோச்சும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்.

"நீ தள்ளிவிட்டாதான் அவளுக்கு அடிக்க வருது. அதுக்காகத்தான் உன்னக் கூட்டிட்டுப் போறோம்."

ஆக, அவள் கொசுறு.

புறப்படும் முன் கடைசிப் பயிற்சி ஆட்டம். இரு பக்கமும் ஒவ்வொரு கோல். முடிகிற நேரத்தில் பெனால்டி கார்னர் கிடைத்தது. அக்கா குனிந்தாள். எதிரே நின்ற தங்கை, பரிமாறலாம் என்று சமையல்காரிக்குச் சொல்வது போலத் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அக்கா பந்தைக் கொஞ்சம் மெதுவாகத் தள்ளினாள். ஹாக்கியில் அந்தக் கொஞ்சம் போதும். எதிரணிக்காரி ஓடிவந்து, தங்கையின் ஸ்டிக் தொடுமுன் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அது மறுமுனையில் கோலானது.

ஆட்டம் தோற்றதும் எல்லோரையும் அறையில் உட்காரவைத்து கோச் வீடியோவைப் போட்டார். கேமரா வழக்கம்போல் தங்கையை விட்டு நகரவில்லை. பந்தைத் தள்ளியவள் படத்திலேயே இல்லை.

"பாரு, நீதான் லேட்டு," என்றார் தங்கையிடம். "கொஞ்ச நாளாவே உன்கிட்ட வேகம் இல்ல. உனக்குப் பதிலா வேற ஆளக் கூட்டிட்டுப் போகலாமான்னு யோசிக்கிறேன்."

அக்காவின் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. பொய் எதற்கு, இருக்கத்தான் செய்தது.

தங்கை எழுந்தாள். பந்து எப்படி வந்தது என்று அவளுக்கா தெரியாது?

"என் தப்புதான் சார். கவனம் சிதறிடுச்சு."

சொல்லிவிட்டு அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற பார்வை. பக்கத்திலிருந்தவள் தங்கையின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கோச்சின் குரல்கூட இறங்கிவிட்டது.

"ஒத்துக்கிட்டியே, அதுவே பெரிசு. சரி, உன்ன மாத்தல. உட்காரு."

அடிப்பாவி, தோற்றாலும் இவளுக்குத்தான் மாலையா என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றாள். நியாயம், மனசாட்சி என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம், எழுப்பிவிட்டது பொறாமைதான்.

"அவ பொய் சொல்றா சார். நான்தான் மெதுவாத் தள்ளுனேன். வேணும்னேதான்."

கோச் வீடியோவை நிறுத்தினார்.

"பெட்டியக் கட்டு," என்றார். "இனிமே இந்த அணியில உனக்கு இடம் இல்ல."

அவள் வெளியே வந்து பாதி வழி போயிருப்பாள். தங்கை அழுதுகொண்டே ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஏன்க்கா சொன்ன? அதான் நான் ஏத்துக்கிட்டேன்ல. அவரும் விட்டுட்டாருல்ல. இப்ப உன் ஆட்டமே போச்சேக்கா."

அக்கா கையை உருவிக்கொண்டாள்.

"போகட்டும். நான் செஞ்சதுன்னு ஒண்ணு இருந்துச்சு. அதையும் உன் கணக்குல எழுதிக்கப் பாத்தியேடி."